பெயர்த்தகடு இல்லாத ஜப்பான் கிட்டார்: மாடல் கண்டுபிடித்த கதை

ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டாரின் தலைப்பகுதியில், பெயர் இல்லை. சீரியல் எண் என்று சொல்ல எங்கும் எதுவும் இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு, உடலின் முகத்தை மூடும், கோடு கோடாக வரி ஓடும் அலுமினிய பிக்கார்டு, பழைய ரேடியோவின் முகப்பில் இருப்பது போல இரண்டு ராக்கர் சுவிட்ச், கம்பிகளின் சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ ஒன்று, கைப்பிடி தொலைந்துபோனது. சிகாகோ புறநகரில் ஒரு கராஜ் சேலில் வாங்கியது. விற்ற அம்மாவுக்குத் தெரிந்த வரலாறு ஒன்றுதான்: அறுபதுகளில் அவருடைய அண்ணன் வாசித்தது. "பழைய ஃபெண்டராகக்கூட இருக்கலாம்" என்ற நம்பிக்கையையும் விலையில் சேர்த்திருந்தார். பிரபல அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டர் செய்தது இல்லை என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படி ஒரு கிட்டார் கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன மாடல்?" என்றுதான். அதை நான் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். எந்தத் தொழிற்சாலையில் செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அறுபதுகளில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கிட்டார்களில் பெயரை முடிவு செய்தது பெரும்பாலும் இறக்குமதி செய்தவர்தான், செய்தவர் இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வெட்டிய கிட்டார் ஒரு கடையில் ஒரு பெயரோடும், அடுத்த தெருவில் இன்னொரு பெயரோடும் தொங்கியது. கென்ட், கிங்ஸ்டன், நார்மா, ஹைட், கிம்பர்லி, சியர்ஸ் கடைகளின் சில்வர்டோன் என்று பட்டியல் நீளும். மாடல் எண்ணோ இறக்குமதியாளரின் கேட்டலாக்கில் இருந்தது. கிட்டாரில் அதைப் பொறிக்க வேண்டும் என்று பல நேரம் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் பெயரைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். மரமும் இரும்பும் சொல்வதைக் கேட்டால் சீக்கிரம் வழி தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, கிட்டாரை மடித்த போர்வைமேல் கவிழ்த்துப் போட்டேன். முதலில் நெக்கை, அதாவது கழுத்தை, உடலோடு பிணைக்கும் நெக் பிளேட்டின் நான்கு ஸ்க்ரூக்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பார்த்தால் சாதாரண ஃபிலிப்ஸ் தலை போலவே இருக்கும். ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்த தலை வேறு. ஃபிலிப்ஸ் முனையை விட்டு அழுத்தித் திருப்பினால் அது மேலே ஏறி நழுவும். இரண்டு தடவை நழுவினால் தலை வழவழவென்று ஆகிவிடும். ஐம்பது அறுபது வருடமாக இறுகிப்போன ஸ்க்ரூவில் இது நடந்தால் அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜப்பான் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்களிடம் ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஒசாகாவின் வெஸல் கம்பெனி செய்வது எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்தியதும் ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்தது. இதுவே ஒரு தடயம். பார்த்த ஸ்க்ரூ எல்லாம் ஒரே வகை, ஒரே துரு. இடையில் யாரோ மாற்றிப்போட்டது என்று ஒன்றுகூட இல்லை. அதாவது, இதற்குள் இருப்பது அன்று தொழிற்சாலையில் வைத்ததுதான் என்று நம்பி மேலே போகலாம்.

நெக் பிளேட்டை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். பச்சைக் களிம்புக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது: "ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்". எண் கிடையாது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று குறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். பலர் அதை ஒரு தாள் ஸ்டிக்கரில் முடித்துவிட்டார்கள், அது முதல் வருட வியர்வையிலேயே போய்விடும். தகட்டில் அச்சடித்திருந்தது என் அதிர்ஷ்டம்.

அந்த வாசகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நெக்குக்குள் இரும்பு இருக்கிறது, ஆனால் அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது. ஹெட்ஸ்டாக் பக்கமும் உடல் பக்கமும் தேடிப் பார்த்தேன். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடுக்கான நட்டு எங்கும் இல்லை. "ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்" என்று எழுதிய தகடு வேறு. அதைப் பெரும்பாலும் மட்சுமோகு செய்த கிட்டார்களில் பார்க்கலாம். நகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரத்தில் 1951இல் தொடங்கிய மரவேலை நிறுவனம் அது. சிங்கர் தையல் இயந்திரத்துக்குப் பெட்டி செய்தவர்கள், பிறகு ஏரியா, யூனிவாக்ஸ், எபிஃபோன், வெஸ்டோன் என்று பலருக்கும் கிட்டார் செய்து கொடுத்து, 1987இல் மூடிவிட்டார்கள். தகட்டு வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, தகடுகளை வெளியிலிருந்து வாங்கிப் போட்டவர்களும் உண்டு. ஆனாலும் மட்சுமோகு பெயரைப் பட்டியலில் கீழே தள்ள இது போதும்.

நெக்கைக் கழற்றியதும் அது உட்காரும் பள்ளமான பாக்கெட்டுக்குள் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் தெரிந்தன. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நிறைய. அறுபதுகளின் மலிவு ஜப்பான் கிட்டாரில் அது வழக்கம்தான். பாக்கெட்டின் அடியில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்று, நெக்கின் சாய்வுக்காகத் தொழிற்சாலையில் வைத்தது. அதைத் தூக்கிப் போடவில்லை, கவரில் போட்டு எழுதி வைத்தேன். நெக்கின் அடியில் பென்சிலில் ஏதோ கிறுக்கல், முத்திரை எதுவும் இல்லை. பாக்கெட்டில் தேதியைத் தேடுவது அமெரிக்க கிட்டார்க்காரர்களின் பழக்கம். இந்த வகையில் பத்துக்கு ஒன்பது தடவை கிடைக்காது.

அடுத்து ஹெட்ஸ்டாக். இங்கேதான் வழக்கு பாதி முடிந்தது.

கம்பியை முறுக்கும் ட்யூனர்கள் மேல் பக்கம் நான்கு, கீழ்ப் பக்கம் இரண்டு. ஃபெண்டரில் ஆறும் ஒரே பக்கம், இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்சனில் மூன்று மூன்று. நான்கும் இரண்டுமாகப் பிரித்த வடிவத்தை இன்று மியூசிக் மேன் கிட்டார்களில் பார்க்கலாம், ஆனால் அது எண்பதுகளில் வந்தது. அறுபதுகளில், கூடவே வரி போட்ட உலோக பிக்கார்டும் சேர்ந்து இந்த அமைப்பைக் கண்டால் கை நேராக டெய்ஸ்கோ என்ற ஜப்பான் கம்பெனி பக்கம்தான் நீளும். 1966 வாக்கில் டெய்ஸ்கோ தன் கிட்டார்களின் தோற்றத்தை மாற்றியபோது வந்த இரண்டு அடையாளங்கள் இவை.

பெயர் இருந்த இடத்தையும் விடவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஹெட்ஸ்டாக்கோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு ஆணி ஓட்டைகளும், அவற்றுக்கு நடுவே சுற்றுப்புறத்தைவிட ஒரு பொடி வெளிறாத ஒரு நீளப் பட்டையும் தெரிந்தன. ஒரு தகடு பல வருடம் அங்கே உட்கார்ந்து வெயிலை மறைத்திருக்கிறது. எந்தப் பெயர் என்பதற்கு இது சாட்சி ஆகாது. அச்சடித்த டிகால் ஒட்டவில்லை, உலோகத் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தினார்கள் என்பது மட்டும் உறுதி.

ஸீரோ ஃப்ரெட் (கம்பி தொடங்கும் இடத்தில் வைக்கும் கூடுதல் ஃப்ரெட்) இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். அன்றைய ஜப்பான் கிட்டார்கள் பலவற்றில் அது உண்டு, அவற்றில் சில பார்த்து நகலெடுத்த கலிஃபோர்னியாவின் மோஸ்ரைட்டிலும் உண்டு.

டெய்ஸ்கோவைப் பற்றிக் கொஞ்சம். 1946இல் டோக்கியோவில் தொடங்கியது. ஹவாயன் கிட்டார் வாசிப்பவரான அட்ஸுவோ கனேகோவும் எஞ்சினியர் டோரியூ மட்சுதாவும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அமெரிக்க இசைக்குழுவான வென்ச்சர்ஸ் 1965இல் ஜப்பானுக்கு வந்துபோன பிறகு அங்கே எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் பிடித்தது. இந்தப் பக்கம் அமெரிக்காவிலும் பையன்கள் எல்லாம் கராஜில் பேண்டு தொடங்கிய காலம். ஜாக் வெஸ்ட்ஹைமர் என்ற சிகாகோ இறக்குமதியாளர் டெய்ஸ்கோவை இங்கே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். "டெய்ஸ்கோ டெல் ரே" என்ற பெயர் அமெரிக்கச் சந்தையில் 1964 வாக்கில் வருகிறது. பிறகு டபிள்யூ.எம்.ஐ. என்ற இறக்குமதி நிறுவனமும் அதே பெயரில் விற்றது; அறுபதுகளின் கடைசியில் திவாலான கே என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியின் பெயரை வாங்கியதும் அவர்கள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அதே முகஜாடையோடு "கே" என்று எழுதிய ஜப்பான் கிட்டார்கள் கிடைப்பதற்குக் காரணம் இது. இதற்கிடையே 1967இல் டெய்ஸ்கோவை கவாய் நிறுவனம் வாங்கிவிட்டது. பியானோ செய்யும் அதே கவாய்.

இத்தனைக்கும் பிறகு பிக்கார்டைத் திறந்தேன். பதினோரு குட்டி ஸ்க்ரூ, அவற்றில் இரண்டின் ஓட்டை தளர்ந்து கிடந்தது. உள்ளே கையால் சால்டர் செய்த வயரிங், துணி சுற்றிய வயர் இல்லை, பிளாஸ்டிக் உறை. வால்யூம், டோன் திருகிகளின் அடியில் இருக்கும் பாட்களில் தேதிக் குறியீடு தேடிப் பார்த்தேன். அமெரிக்க கிட்டாராக இருந்தால் இந்த இடத்தில் வேலை முடிந்திருக்கும்: பாட்டின் முதுகில் 1376632 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 வருடம், 32 வாரம். ஜப்பான் பாட்கள் அந்த முறையைப் பின்பற்றவில்லை. இதில் இருந்தது எதிர்ப்பளவும், அதற்கு முன்னால் ஓர் எழுத்தும் மட்டுமே. திருகும்போது எதிர்ப்பு எப்படி மாறும் என்பதை அந்த எழுத்து சொல்லும்: ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். பழுது பார்க்க உதவும், வயது சொல்லாது.

பிக்கப்களைக் கழற்றும்போது அவசரம் கூடாது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, வயர் சேரும் இடத்தில் லேசாக இழுத்தாலே போயிற்று. மல்டிமீட்டரில் ஒன்று 5.8 கிலோ ஓம், மற்றது 6.1. இரண்டும் உயிரோடு இருக்கின்றன, அதுவே நிம்மதி. மேலே உலோக மூடி, நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். விற்பனை விளம்பரங்களில் இப்போது ஜப்பான் பிக்கப் என்றாலே "கோல்டு ஃபாயில்" என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக் பக்கம் ஒரு டெய்ஸ்கோ கோல்டு ஃபாயில் பிக்கப்பைப் போட்டு வாசித்தார், அதிலிருந்து அவற்றின் விலை ஏறியது. பிக்கப்புக்காகவே முழு கிட்டாரை உடைத்து விற்பவர்களும் வந்தார்கள். பெயருக்கு ஏற்றாற்போல மூடியின் சன்னலுக்குள் தங்க நிறத் தாள் தெரிய வேண்டும். இதில் இல்லை. ஆகவே இது கோல்டு ஃபாயில் இல்லை, அப்படிச் சொல்லி விற்றால் அது பொய்.

இப்போதுதான் மாடல். டெல் ரே கேட்டலாக்கில் எண் வைத்த விதம் ஓரளவு நேர்மையானது. ஈ என்றால் எலெக்ட்ரிக். பக்கத்தில் டி இருந்தால் ட்ரெமோலோ உண்டு. ஈ.பி. என்றால் உடல் குடைந்த வகை, இந்த பி. ஆங்கிலத்தின் P, பேஸ் கிட்டாரைக் குறிக்கும் B இல்லை; தமிழில் எழுதும்போதுதான் குழப்பம். முதல் இலக்கம் பிக்கப்களின் எண்ணிக்கை. ஈ.100 என்றால் ஒரு பிக்கப், ட்ரெமோலோ கிடையாது. ஈ.டி.200 என்றால் இரண்டு பிக்கப்பும் ட்ரெமோலோவும். ஈ.டி.460 நான்கு பிக்கப் வைத்த பூதம். ஜப்பானில் விற்ற டபிள்யூ.ஜி. வரிசையிலும் இதே யோசனைதான்: டபிள்யூ.ஜி.4எல் என்றால் நான்கு பிக்கப், கடைசி எல் ட்ரெமோலோவுக்கு.

இந்த விதியை வைத்தால் என் கையில் இருப்பது இருநூறுகளில் ஒன்று. ஈ.200ஆ ஈ.டி.200ஆ என்பது ட்ரெமோலோ அசலா என்பதைப் பொறுத்தது. பிற்பாடு யாரோ மாட்டியிருந்தால் அடியில், கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருந்த பழைய டெயில்பீஸின் ஓட்டைகள் அடைத்துக் கிடக்கும். ட்ரெமோலோவைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பெயிண்ட் கன்னி கழியாமல் பளபளவென்று இருந்தது, அதன் ஓட்டைகளைத் தவிர வேறு ஓட்டை இல்லை. ஆக, ட்ரெமோலோவோடுதான் பிறந்திருக்கிறது. பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு ராக்கர் சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன் என்ற அமைப்பும் ஒத்துப்போனது.

என் முடிவு: டெய்ஸ்கோ தயாரிப்பு, 1966க்கும் 1968க்கும் இடையில், டெல் ரே பெயரில் விற்றிருந்தால் ஈ.டி.200. இதற்கு மேல் துல்லியம் கேட்பவர்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. இந்தத் தேதி வரம்பும் ஹெட்ஸ்டாக், பிக்கார்டு வைத்துச் சொன்னதுதான். சீரியல் எண்ணைத் தட்டினால் வருடத்தைச் சொல்லிவிடுகிற வசதியெல்லாம் அறுபதுகளின் ஏற்றுமதி கிட்டார்களில் எதிர்பார்க்கக் கூடாது.

எழுபதுகளுக்குப் பிந்தையது என்றால் கதை வேறு, சுலபம். ஃபுஜிகென் தொழிற்சாலை செய்த ஐபனெஸ் கிட்டார்களில் 1975 நடுவிலிருந்து ஓர் எழுத்தும் ஆறு எண்ணும் வரும்: ஏ முதல் எல் வரை மாதம், அடுத்த இரண்டு எண் வருடம், மீதி வரிசை எண். எஃப் 78 என்று தொடங்கினால் 1978 ஜூன். கிரெகோ, டோகாய் போன்றவற்றில் மாடல் எண்ணே அன்றைய விலைச் சீட்டு. கிரெகோ ஈ.ஜி.700 என்றால் எழுபதாயிரம் யென், டோகாய் எல்.எஸ்.80 என்றால் எண்பதாயிரம். ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியபோது சீரியல் எண்ணின் முன்னால் போட்ட ஜே.வி. எழுத்துகளைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு பத்திரப்படுத்தலாம்.

இன்னொன்று, "லாசூட் கிட்டார்", அதாவது வழக்கில் சிக்கிய கிட்டார். விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். வழக்கு ஒன்றுதான். கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது 1977 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றி; அதையும் ஐபனெஸ் ஏற்கெனவே மாற்றத் தொடங்கியிருந்தது; அடுத்த வருடம் சமரசம் ஆகிவிட்டது. என் டெய்ஸ்கோ அதற்குப் பத்து வருடம் மூத்தது, அதன் ஹெட்ஸ்டாக்கைப் பார்த்து எந்த வக்கீலும் கிப்சன் என்று வாதாட மாட்டார். ஆனாலும் நண்பர் ஒருவர் "லாசூட் காலத்துப் பீஸ்னு போடுங்க, டக்குனு போயிரும்" என்றார். விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பழுது வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. தளர்ந்த ஸ்க்ரூ ஓட்டைகளில் மரப்பசை தொட்ட பல் குச்சியை நுழைத்து, காய்ந்ததும் மேலோடு வெட்டிவிட்டேன். ராக்கர் சுவிட்சுகள் இரண்டும் கரகரத்தன. காண்டாக்ட் கிளீனரை நேராகப் பீய்ச்சினால் பழைய பிளாஸ்டிக் வெளுத்துவிடக்கூடும் என்ற பயத்தில், விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, கிளீனரில் நனைத்து, தொடுமுனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன். முதல் பட்டை கரியாக வந்தது, போகப்போகத் தெளிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. முனையின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கரகரக்கும். ஜாக் தேய்ந்து போயிருந்தது, அதை மட்டும் புதிதாகப் போட்டேன். பழையது அட்டைத் துண்டோடு அதே கவரில்.

ஒரு பிக்கப் போட்டால் முழங்கியது, இரண்டையும் சேர்த்தால் சத்தம் சுருங்கி மூக்கால் பேசியது. இரண்டின் ஃபேஸ், அதாவது மின்னலையின் ஏற்ற இறக்கம், எதிரெதிராக இருக்கிறது. ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகிவிடும், ஆனால் உலோக மூடி எந்த வயரோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் விரல் பட்டாலே உறுமும். இதில் மூடி தனியாக எர்த் ஆகியிருந்ததால் மாற்றிவிட்டேன்.

நெக் நேராக இருக்கிறது, கொஞ்சம் முன்வளைவு மட்டும். டிரஸ் ராடு இல்லாத நெக்கில் தடித்த கம்பியைப் பூட்டி விஷப்பரீட்சை வேண்டாம் என்று 9இல் தொடங்கும் மெல்லிய கம்பி செட்டைப் போட்டேன். அட்டைத் துண்டை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்ததும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் வாசிக்கும்படி கம்பி இறங்கியது. சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் இப்படிப்பட்ட மலிவு ஜப்பான் கிட்டார்களில்தான் ஸ்லைடு வாசித்தார். அவருக்கு இந்த ஆக்‌ஷனே, அதாவது கம்பியின் உயரமே, போதுமானதாக இருந்திருக்கும், எனக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

டெல் ரே தகடு மட்டும் தனியாக விற்பனைக்கு வருகிறது. அந்த ஆணி ஓட்டைகளில் வேறு பெயர் இருந்திருக்கலாம் என்பதால் வாங்கவில்லை. ட்ரெமோலோவின் கைப்பிடிக்குத்தான் அலைச்சல். மரை மெட்ரிக், இங்கே கடையில் கிடைக்கும் கைப்பிடிகள் பெரும்பாலும் அங்குல மரை. மரையளவு கேஜ் வாங்கி அளந்த பிறகு, லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் எஃகுக் கம்பியில் கடையக் கொடுத்திருக்கிறேன்.